மண்டியிடும் கோணம்

முழங்காலைச் சுற்றியுள்ள சிறு பைகளை மெத்தை என்று சொல்லிக்கொடுப்பது வழக்கம். எலும்புக்கும் தோலுக்கும் நடுவே, எலும்புக்கும் தசைநாருக்கும் நடுவே நீர் நிறைந்த மெத்தைகள் போட்டுவைக்கப்பட்டிருக்கின்றன என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சுகமான முழங்காலில் அந்தப் பைகளுக்குள் நீர் என்று சொல்லத்தக்க எதுவும் கிடையாது. மீன் வாங்கும்போது தரும் ஷொப்பிங் பேக் ஒன்றை எடுத்து, உள்ளே இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, காற்றை அமத்தி வெளியேற்றி, இரு பக்கத்தையும் விரலிடுக்கில் வைத்து உரசிப் பாருங்கள். ஒரு பக்கம் மறுபக்கத்தின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். பர்ஸா என்று டொக்டர்மார் சொல்லும் பையின் தொழில் அவ்வளவுதான். காலை மடக்கும்போது மேலே உள்ள தோல், முழங்கால் சில்லின் மீது உரசாமல் நழுவ வேண்டும். தசைநார் எலும்பின் விளிம்பில் தேயாமல் ஓட வேண்டும். அதற்குத் தேவை வழுக்கு. சுவர்களில் பூசினாற்போல் இருக்கும் ஈரம் அந்த வழுக்கைத் தருகிறது. கைக்குத் தட்டுப்படும் அளவுக்கு ஈரம் பெருகிவிட்டால் முழங்காலுக்குச் சுகமில்லை என்று அர்த்தம்.

மெத்தையாக இருக்கும்படி அதைக் கேட்பது நாம்தான். நாள் முழுக்க அதன்மேல் பாரத்தைப் போட்டு நிற்கிறோம். மெல்லிய சுவர் நசுங்குகிறது, உள்ளே சிறிதாக இரத்தம் கசிகிறது, சுவர் தடிக்கிறது, நீர் ஊறுகிறது. கேட்டதைக் கொடுக்க உடம்பு தன்னால் ஆனதைச் செய்து பார்க்கிறது என்று எனக்குத் தோன்றும். டொக்டர்மார் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அது வெறும் அழற்சி என்பார்கள்.

மனித உடம்பில் இப்படி நூற்றைம்பது அளவில் பைகள் உண்டு. ஒவ்வொரு முழங்காலையும் சுற்றி ஒரு டசின் வரை. ஆளுக்கு ஆள் எண்ணிக்கை மாறும். காரணம், எல்லாப் பைகளும் பிறக்கும்போதே வருவதில்லை. எங்கே தேய்கிறதோ அங்கே உடம்பு புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொள்கிறது. சப்பாணி கட்டி இருந்து தொழில் பார்க்கிறவர்களுக்கு வெளிக்கணுக்கால் எலும்பின் மேல் ஒன்று முளைப்பது தெரிந்த விஷயம். முழங்காலின் பின்குழியில் உள்ள பை வீங்கினால் அதற்கு லண்டன் சத்திரசிகிச்சை நிபுணர் வில்லியம் மொரண்ட் பேக்கரின் பெயர். 1877இல் அவர் எழுதிய கட்டுரையால் வந்தது. உட்பக்கம், மூட்டுக்குச் சற்றுக் கீழே, மூன்று தசைநார்கள் ஒன்றாக வந்து எலும்பில் ஒட்டும் இடத்தில் ஒரு பை. தொடையெலும்புக்கும் தசைக்கும் இடையில் ஒன்று. அது மூட்டின் அறையோடு திறந்தே கிடக்கிறது. மற்றவற்றை விட்டுவிடலாம். நான் பேச வந்தது முன்பக்கத்தில், தோலுக்கு அடியிலேயே உள்ள இரண்டைப் பற்றி. ஒன்று சில்லின் மேல். மற்றது அதற்கு நாலு விரல் கீழே, கெண்டைக்கால் முன்னெலும்பில் ஒரு முண்டு தட்டுப்படுமே, அதன் மேல்.

தரையில் முழங்காலிட்டுப் பார்த்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உடனே விளங்கும். முதுகை நிமிர்த்தி நேராக நில்லுங்கள். பாரம் கீழே உள்ள முண்டில் இறங்குகிறது. இப்போது ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறுகையை எட்டும் மட்டும் முன்னால் நீட்டி, ஏதோ கறையைத் தேய்ப்பதுபோல் அசையுங்கள். பாரம் முன்னுக்கு உருண்டு சில்லின் மேலேயே ஏறிவிடும். முதல் நிலையில் காலமெல்லாம் நின்றவர்கள் ஐரோப்பியப் பாதிரிமார். இரண்டாம் நிலையில் கிடந்தவர்கள் அவர்களுடைய வீட்டைத் துடைத்த பெண்கள். ஆங்கில மருத்துவம் கீழ்ப்பை வீக்கத்துக்குப் பாதிரியின் முழங்கால் என்றும், மேற்பை வீக்கத்துக்கு வேலைக்காரியின் முழங்கால் என்றும் பெயர் வைத்து இன்றுவரை அப்படியே சொல்லிக்கொண்டிருக்கிறது. 1889இல் வெளிவந்த ஜெரோம் கே. ஜெரோமின் படகுப் பயண நாவலில் கதைசொல்லி ஒரு மருத்துவ நூலைப் புரட்டிவிட்டு, உலகத்து நோயெல்லாம் தனக்கு இருக்கிறது, இந்த வேலைக்காரி முழங்கால் ஒன்றைத் தவிர என்று முடிவுக்கு வருவான். நூற்றுமுப்பது வருடமாக வாசகர்கள் அதற்குச் சிரிக்கிறார்கள். அந்த ஒரு நோய் அவனுக்கு ஏன் வராது என்று யாரும் விளக்க வேண்டியிருந்ததில்லை.

மாளிகாவத்தையில் இருந்துகொண்டு இந்த இரண்டு கோணங்களையும் பற்றி யோசிக்க வசதி அதிகம். கொழும்பு 10இன் இந்தத் துண்டில், மருதானை ரயில் பாதைக்கும் கெத்தாராம விளையாட்டரங்குக்கும் இடையில், தரை எப்போதும் பக்கத்திலேயே இருக்கிறது. வீடுகள் சின்னவை. சமையல், சாப்பாடு, தூக்கம், பிள்ளைகளின் ஓதல் எல்லாம் நிலத்தில். ஜும்ஆ மஸ்ஜித் வீதியில் ஐந்து வேளையும் ஆண்கள் நிலத்துக்குப் போய் எழும்புகிறார்கள். ஒரு த்ரீவீல் தூரத்தில் கொச்சிக்கடை அந்தோனியார் கோவில். செவ்வாய்க்கிழமைகளில் எல்லா மதத்துச் சனமும் அங்கே முழந்தாளிட்டு நிற்கும், முதுகு நிமிர்ந்து, கை கூப்பி, பாரம் முழுக்க கீழ்ப்பையில். காலை ஆறு மணிக்கு பஸ் ஹோல்டில் நிற்கும் பெண்களில் பாதிப்பேர் கறுவாத்தோட்டத்திலும் பம்பலப்பிட்டியிலும் தரை துடைக்கப் போகிறவர்கள். அவர்களுக்கு மேற்பை.

தொழுகை முழங்காலைக் கெடுக்கிறதா என்று கேட்பவர்கள் உண்டு. கணக்குப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். கடமையான பர்ளு மட்டும் ஒரு நாளைக்குப் பதினேழு ரக்அத், ரக்அத்துக்கு இரண்டு ஸுஜூது, ஆக 34 தடவை முழங்காலில் பாரம் இறங்குகிறது. சுன்னத்துகள் வேறு. நோன்பு மாதம் வந்தால் தராவீஹ். எட்டுத் தொழுகிறவர்களுக்கு இன்னும் 16, இருபது தொழுகிறவர்களுக்கு இன்னும் 40. (எட்டா இருபதா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. அதற்கென்றே நம் ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள்.) ஆனால் ஸுஜூதில் நிலத்தில் படுவது ஏழு உறுப்புகள்: நெற்றி, இரண்டு உள்ளங்கை, இரண்டு முழங்கால், இரண்டு காலின் விரல்கள். பாரம் பிரிந்துபோகிறது. சில கணங்கள்தான், பிறகு எழுந்துவிடுகிறோம். கீழே கம்பளம் வேறு. நான் பார்த்த பழைய தொழுகையாளிகளின் முழங்காலில் தோல் கறுத்துத் தடித்துக் காய்ப்பு ஏறியிருக்கும். இருப்பில் இடது காலின் மேல் உட்காருவதால் கணுக்காலின் வெளிப்புறத்திலும் ஒன்று. நீர் கோத்த வீக்கம் அபூர்வம். தேய்மானத்துக்குத் தோல் தடித்துக்கொடுத்துச் சமாளித்துவிடுகிறது, அடியிலுள்ள பை தப்பித்துக்கொள்கிறது.

இந்தக் காய்ப்புகளில் ஒன்றுக்கு மட்டும் மரியாதை. நெற்றியில் உள்ளதை எல்லோரும் பார்ப்பார்கள். அது இருக்கும் மனிதரைக் கடைக்காரர் கொஞ்சம் பணிவாகக் கூப்பிடுவார். முழங்காலில் உள்ளது சாரத்துக்குள் மறைந்துபோகும்.

முழங்கால் முதலில் நிலத்தில் பட வேண்டுமா, கை முதலில் பட வேண்டுமா என்பதும் பெரிய விவகாரம். இலங்கை முஸ்லிம்கள் பரம்பரையாக ஷாபிஈ மத்ஹபினர். முதலில் முழங்கால், பிறகு கை, பிறகு நெற்றி. நபித்தோழர் வாஇல் இப்னு ஹுஜ்ரின் அறிவிப்பு அதற்கு ஆதாரம். தவ்ஹீத் அமைப்புகள் பரவிய பிறகு பக்கத்து ஸஃப் வரிசையில் ஒருவர் கையை முதலில் ஊன்றுவதைப் பார்த்து எங்கள் பெரியவர்கள் முகம் சுளித்த காலம் ஒன்று இருந்தது. கையை முதலில் ஊன்றுகிறவர்களுக்கு ஆதாரம் அபூ ஹுரைராவின் அறிவிப்பு: ஒட்டகம் மண்டியிடுவதுபோல் மண்டியிட வேண்டாம் என்பது. இதிலிருந்து அடுத்த பிரச்சினை கிளம்பியது. ஒட்டகத்துக்கு முழங்கால் எங்கே இருக்கிறது? முன்காலிலா பின்காலிலா? அது எதை முதலில் வைக்கிறது? ஒட்டகமே இல்லாத மாளிகாவத்தையில் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையை நினைவில் வைத்துக்கொண்டு இஷாவுக்குப் பிறகு பிளேன்டீயோடு இதை வாதிட்டவர்களை நான் கேட்டிருக்கிறேன். சட்டத்தை விட்டு எலும்பை மட்டும் பார்த்தால் கையை முதலில் ஊன்றுவது சில்லுக்கு இலேசு. முழங்காலை முதலில் இறக்குகிறவர் தொடைத் தசையில் பலமுள்ளவராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடைசி நாலு அங்குலம் விழுந்துதான் இறங்குவார்.

வயதானவர்களின் தொல்லை பையில் இல்லை, மூட்டிலேயே இருக்கிறது. குருத்தெலும்பு தேய்ந்து காலை மடக்க ஏலாமல் போகிறது. அதற்குத்தான் இப்போது பள்ளியில் ஸஃபின் ஓரங்களில் பிளாஸ்டிக் கதிரைகள். என் சின்ன வயதில் ஒன்றோ இரண்டோ இருந்தன. இப்போது ஜும்ஆவுக்குக் கதிரை பிடிக்க நேரத்தோடு போக வேண்டும். இந்தக் கதிரைக்குப் பின்னால் பழைய அனுமதி ஒன்று இருக்கிறது. இம்ரான் இப்னு ஹுஸைன் மூலவியாதிக்காரர். எப்படித் தொழுவது என்று அவர் நபியவர்களிடம் கேட்டபோது, நின்று தொழு, முடியாவிட்டால் இருந்து தொழு, அதுவும் முடியாவிட்டால் விலாப்புறமாகப் படுத்துத் தொழு என்ற கருத்தில் பதில் கிடைத்தது. அதிலிருந்து விரிந்த சட்டங்களுக்கு அளவில்லை. கதிரையின் எந்தக் கால் ஸஃபின் கோட்டில் இருக்க வேண்டும், நிற்க முடிந்தவர் நிற்கும் பகுதியில் நின்றுவிட்டுத்தான் உட்கார வேண்டுமா, தலையை எவ்வளவு தாழ்த்த வேண்டும். ஏலாத உடம்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஆயிரத்து நானூறு வருடமாகச் சலிக்காமல் யோசித்திருக்கிறார்கள். ஜனாஸாத் தொழுகையில் ருகூஉம் இல்லை, ஸுஜூதும் இல்லை, நின்றபடியே முடிந்துவிடும். மாளிகாவத்தை மையவாடிக்கு வரும் கிழவர்கள் கதிரை தேடாமல் தொழுவது அதை ஒன்றுதான்.

எல்லா மண்டியிடலும் எலும்பில் எழுதப்பட்டுவிடும் என்பதற்குச் சிரியாவில் ஓர் அத்தாட்சி கிடைத்தது. யூப்ரடீஸ் கரையில் ஒரு கற்காலக் குடியிருப்பு. அணை கட்டி அந்த இடம் தண்ணீருக்குள் போவதற்கு முன்னால், 1972, 1973 ஆண்டுகளில் ஆண்ட்ரூ மூர் குழுவினர் அவசரமாகத் தோண்டினார்கள். கிடைத்த எலும்புகளை லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் தேயா மொல்லெஸன் ஆராய்ந்தார். கால் பெருவிரல் மூட்டுகள் நெளிந்து தேய்ந்திருந்தன, முழங்காலிலும் முதுகெலும்பிலும் பாரம் ஏறிய தடங்கள். நிலத்தில் மண்டியிட்டு, விரல்களை மடித்து ஊன்றி, கல்லின் மேல் முன்னும் பின்னுமாகச் சாய்ந்து மணிக்கணக்காகத் தானியம் அரைத்தவர்களின் எலும்புகள் அவை என்று அவர் கண்டார். பெரும்பாலும் பெண்களுடையவை. பைகள் அழுகிப் போயிருக்கும், அவற்றைப் பற்றி ஒன்றும் தெரியவராது. கோணம் மட்டும் தங்கிவிட்டது, பத்தாயிரம் வருடம் போல. ஊரின் பெயர் அபூ ஹுரைரா. ஒட்டக ஹதீஸை அறிவித்தவரின் பெயரே மண்டியிடலுக்குச் சாட்சி சொல்லும் மண்மேட்டுக்கும் வந்து சேர்ந்ததில் பொருள் எதுவும் இல்லை, தெரியும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் கண் அங்கே நின்றுவிடுகிறது.

என் சாச்சியின் வலது முழங்காலில் இரண்டு விரல் உயரத்துக்கு வீக்கம். சரியாகச் சில்லின் மேல், வேறெங்கும் பரவாமல். விரலால் அமத்தினால் உள்ளே நீர் ஒதுங்கி மறுபக்கம் தள்ளும். மேல்தோல் கறுத்து, நெடுகக் கீறல் விழுந்து, செதில் செதிலாக உரியும். காலை மடக்கி நீட்ட அவருக்குப் பெரிய நோவு கிடையாது, மாடிப்படி ஏறுவார். முழங்காலை நிலத்தில் வைத்தால்தான் உயிர் போகும். மூட்டுக்குள் நீர் கோத்திருந்தால் கால் மடங்காது, சில்லின் இரண்டு பக்கமும் உப்பும். இது வெளிப் பை.

அந்த முழங்காலின் வரலாறு நீளமானது. கல்யாணத்துக்கு முன்னால் கொழும்பில் ஒரு பெரிய வீட்டில் வேலை. அந்தக் காலத்துச் சிவப்புச் சீமெந்துத் தரை. வாரத்துக்கு ஒரு தரம் மென்ஷன் பொலிஷ் டின்னைத் திறந்து, துணியால் தொட்டுத் தொட்டுப் பூசி, காயவிட்டு, பாதியாக வெட்டிய தேங்காய்ப் பொச்சால் முகம் தெரியும் வரை தேய்க்க வேண்டும். முன்கூடத்தில் ஆரம்பித்து பின்வாசல் வரை முழங்காலிலேயே பின்னோக்கி நகர்ந்துகொண்டு போவது. பூசிய தரையில் திரும்பக் கால் வைக்கக் கூடாது. பிறகு வளைகுடா. அங்கே சலவைக்கல். துடைப்பம் இருந்தது, ஆனால் மூலைகளுக்கும் படிகளுக்கும் கைத்துணிதான். திரும்பி வந்த பிறகு இப்போது நாள் வேலை, கறுவாத்தோட்டத்தில் ஒரு வீடு, வெள்ளை டைல்.

நோவெண்ணெய் பூசினார், பத்துப் போட்டார், ஓதிய எண்ணெயும் பூசினார். ஒன்றுக்கும் வற்றாததால் நான் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் தோலில் சிவப்பு இருக்கிறதா, சூடு இருக்கிறதா என்று புறங்கையால் தடவிப் பார்த்தார். சீனி வருத்தம் உண்டா என்று கேட்டார். உண்டு. அதனால் கொஞ்சம் கவனம் கூடியது: தோல் வெடிப்பு வழியாகக் கிருமி உள்ளே போய்ப் பை பழுத்தால் சீனிக்காரர்களுக்கு ஆபத்து. பெரும்பாலும் தோலிலேயே குடியிருக்கும் ஸ்டெபிலோகொக்கஸ் கிருமிதான் காரணமாக இருக்கும். பக்கவாட்டில் ஊசியை இறக்கி இழுத்தார். சிரிஞ்சுக்குள் இளமஞ்சளாக, சற்று நூலிழுக்கிற நீர் ஏறியது. அதை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்து, கலங்கல் இல்லை, நல்லம் என்றார். முழங்கால் தட்டையாகிவிட்டது. சாச்சி அதைப் புதினமாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"இனி முழங்கால்ல நிக்கக்கூடாது" என்றார் டொக்டர்.

"நிக்காம எப்பிடி டொக்டர் வேல செய்ற?"

"மொப் இல்லையா அந்த வீட்டுல?"

"ஈக்கி. மொப்பால அடிச்சா மூலைக்குள்ள ஊத்த போறல்லயாம். நோனாக்குப் புடிக்கிறல்ல."

டொக்டர் ஒன்றும் சொல்லவில்லை, குளிசை எழுதினார். கொஞ்ச நாளில் பை பழையபடி நிறைந்தது. அது நிறையத்தான் செய்யும். தடித்த சுவர் நீரை ஊற்றிக்கொண்டேயிருக்கும், மேலே பாரம் விழுகிற மட்டும். திரும்பத் திரும்ப இழுக்கலாம், ஸ்டீரொய்ட் ஊசி போடலாம், ஒன்றும் சரிவராவிட்டால் பையையே வெட்டி எடுத்துவிடலாம்; உடம்பு அந்த இடத்தில் பிறகு இன்னொன்றைச் செய்துகொள்ளும். இத்தனை வைத்தியத்துக்கும் அடியில் இருப்பது ஒரே மருந்து: அந்தக் கோணத்தில் நிற்பதை நிறுத்து. விலை இல்லாத மருந்து. எழுதிக் கொடுக்கலாம், எந்தப் பாமசியிலும் எடுக்க முடியாது.

பாமசியில் எடுக்கக்கூடியது டைக்ளோபெனக்கும் புரூபனும். துண்டு இல்லாமலே தருகிறார்கள். மாளிகாவத்தைப் பெண்களின் கைப்பைகளில் அந்தக் குளிசைக் கார்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். காலையில் ஒன்று, வேலை முடிந்து ஒன்று, பாண் துண்டோடு. நோவைக் குறைக்கும் அதே வேலையால்தான் அவை சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தையும் குறைக்கின்றன. சீனியும் பிரஷரும் ஏற்கெனவே அரித்துவைத்த சிறுநீரகத்துக்கு அது போதும். தேசிய சிறுநீரக ஆஸ்பத்திரி நிற்பதும் மாளிகாவத்தையில்தான். முழங்காலில் ஆரம்பித்த ஒரு விஷயம் அந்த வாசல் வரைக்கும் நடந்து போவதற்கு வருடக்கணக்கு எடுக்கும், தூரம் என்னவோ கொஞ்சம்தான்.

கெத்தாராமவில் இன்னொரு முழங்காலுக்கு நடந்ததை நான் சாச்சிக்குச் சொன்னதில்லை, சொன்னால் சிரிப்பார். லசித் மாலிங்க 2011இல் வலது முழங்கால் தேய்மானத்தைக் காரணம் காட்டி டெஸ்ட் கிரிக்கெட்டை விட்டார். ஒருநாள், இருபது ஓவர் ஆட்டங்களை விடவில்லை. 2019 ஜூலை 26ஆம் திகதி, பங்களாதேஷுக்கு எதிராகத் தன் கடைசி ஒருநாள் போட்டியை இந்த மைதானத்தில்தான் ஆடினார். அன்றைய இரைச்சல் எங்கள் தொடர்மாடி ஜன்னல்களில் கேட்டது. அது குருத்தெலும்புக் கதை, பையின் கதை இல்லை. ஆனால் வைத்தியம் ஒன்றே. எந்த வேலை அதிகம் நோகடிக்கிறதோ அதை விட்டுவிட்டு மற்றதைச் செய்து, அந்தக் காலோடு எட்டு வருடம் ஓடினார். அதற்காக அவரைத் திட்டியவர்களும் அன்று இருந்தார்கள். எனக்கு அப்போதும் அதில் குறை தெரியவில்லை.

பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் தாழ்ந்த கூரைக்குக் கீழே முழங்காலில் நகர்ந்து வெட்டியவர்களுக்கும் இதே பைகள்தான் வீங்கின. 1907இல் அது தொழில்நோய்ப் பட்டியலில் ஏறியது, நட்டஈடு கேட்கலாம் என்று ஆனது. சுரங்கக்காரருக்குச் சங்கம் இருந்தது, ஒரே குழியில் நூற்றுக்கணக்கில் நின்றார்கள், ஒருவர் முழங்காலை மற்றவர் பார்த்தார். வீட்டு வேலைக்காரி எப்போதும் தனி. இலங்கையில் வீட்டு வேலைக்காரர்களுக்கென்றே வந்த பழைய சட்டம் 1871ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். பொலிஸில் பெயரைப் பதி, முன்னர் எங்கே வேலை செய்தாய், நடத்தை எப்படி என்று எழுது. துரைமாரின் வெள்ளிக்கரண்டிகளைக் காப்பாற்ற வந்த சட்டம். 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் வந்தது. அதன் புள்ளிவிவர அட்டவணைகளில் தொழில்வல்லுநர், எழுதுவினைஞர், திறன் பெற்றோர், திறன் பெறாதோர் எல்லோருக்கும் ஒவ்வொரு வரி இருக்க, வீட்டுப் பணிப்பெண்ணுக்கு மட்டும் இவை எதிலும் சேராத தனி வரி. 1990களில் நாட்டை விட்டுப் போனவர்களில் அந்த வரிதான் மிகப் பெரியது. திறன் உள்ளதா இல்லையா என்று தீர்மானிக்கக்கூட யாரும் மெனக்கெடவில்லை. வீட்டுப் பணியாளர்களுக்கான சர்வதேச உடன்படிக்கை 2011இல் ஜெனீவாவில் நிறைவேறியது. பத்து வருடம் கழிந்த பிறகும் இலங்கை அதை ஏற்றிருக்கவில்லை.

நான் திரும்பத் திரும்ப வந்து முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். உடம்புக்கு நோக்கம் தெரியாது, கோணம்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். அது அரைவாசிதான் சரி. இறைவனுக்காக முழங்காலை வைத்தவருக்கு ஏலாதபோது விட்டுவிடலாம் என்ற வாசல் முதல் நாளிலிருந்தே திறந்திருக்கிறது. யாரும் அவரைக் குறைவாக நினைப்பதில்லை, ஸஃபிலேயே இடம் ஒதுக்குகிறார்கள். சம்பளத்துக்காக முழங்காலை வைத்தவருக்கு அந்த வாசல் எங்கே? வணக்கத்தில் கடமை என்று சொல்லப்பட்டதற்கே விலக்கு இருக்கும்போது, மூலையில் இருக்கும் ஊத்தைக்கு விலக்கு இல்லை என்பது எனக்கு விளங்கவே இல்லை. மௌலவிமார் கதிரையின் காலைப் பற்றி எழுதியதில் நூறில் ஒரு பங்கை வேலை வாங்குகிறவர்களைப் பற்றி எழுதியிருக்கலாம் என்று தோன்றும். வியர்வை உலர முன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கம்தான் இது.

சாச்சி வீட்டில் கட்டிலின் விளிம்பில் இருந்து தொழுகிறார். வேலைக்குப் போய்த் தரையில் மண்டியிடுகிறார். இதில் உள்ள முரண்பாட்டை அவரிடம் நான் சொல்லிப் பார்த்தேன். "தொழுகக்குள்ள மனசு நோவுல ஈக்கக்கூடாது மகன்" என்றார். வேலைசெய்யும்போது மனம் எங்கே இருந்தாலும் பரவாயில்லையாம்.

எங்கள் தொடர்மாடியில் இன்னும் நிறைய முழங்கால்கள் இருக்கின்றன. நாலாம் மாடிப் பெண்கள் பலர் கீழே இறங்குவதில்லை. அவர்களுக்கு நோவு உட்பக்கத்து மூன்று தசைநார்ப் பையில், படி ஏறும்போது கத்தியால் கீறும். கயிற்றில் கூடை இறக்கிக் கீரையும் மீனும் வாங்குகிறார்கள். கணக்கில் தகராறு வந்தால் கூடையிலேயே சண்டை ஏறி இறங்கும்.

கீழ் மாடியில் ஒரு டைல் பாஸ் இருக்கிறார். டைல் பதிப்பதும் முழங்கால் தொழில்தான், கோணமும் அதேதான், ஆனால் அவர் முழங்கால் சுத்தம். முந்தி சாக்கை மடித்துப் போட்டுக்கொள்வாராம். பிறகு பழைய டயர்த் துண்டு. இப்போது ஹாட்வெயாரில் வாங்கிய ரப்பர் கவசம், பின்னால் பட்டி வைத்தது. தன் கைக்கும் காலுக்கும் என்ன வேண்டும் என்று அவரே தீர்மானிக்கிறார், பில்லில் சேர்த்தும் விடுகிறார். சாச்சியின் காலைப் பார்த்துவிட்டுப் பழைய சோடி ஒன்றைக் கழுவிக் கொடுத்தார். சாச்சி அதைக் கவுனுக்கு அடியில் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். தடித்த சுவர் இனிப் பழையபடி மெலியாது, ஆனால் நீர் ஏறுவது குறைந்தது, தொட்டாலே தெரிந்தது. கொஞ்ச நாள் கழித்து அந்த வீட்டுக்கார அம்மா கண்டுவிட்டு, டைல் கீறும், கழற்று என்றிருக்கிறார். சாச்சி கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

பாஸுக்கு இது தெரிந்ததும் கோபம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்கே போய் மணியடித்து, ரப்பரால் டைல் கீறாது நோனா, வேண்டுமென்றால் என் முன்னால் தேய்த்துப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்களாம்.

"நான்தானே பதிச்ச" என்றாராம்.